துடைத்துக் கொடுப்பவர்

அவருடைய வலது கட்டைவிரலைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். முகம் எனக்குக் கொஞ்சம் மங்கிவிட்டது. விரல் மங்கவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிய, நுனி சற்றே தட்டையான விரல். வழி காட்டும் கருவி எதைக் கையில் கொடுத்தாலும் அந்த விரல் திரையில் மூன்று முறை தட்டும். முதல் தட்டில் அமைப்புகள் திறக்கும். இரண்டாவது தட்டில் போய்வந்த இடங்களின் பட்டியல் வரும். மூன்றாவது தட்டில் பட்டியல் அழியும். தட்டும்போது அவர் கண் திரையில் இருக்காது. நம் முகத்தைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். பிறகு கருவியைச் சட்டை நுனியால் ஒருமுறை துடைத்து நீட்டுவார்.

"தொடச்சாச்சு அண்ணாச்சி."

அவர் என்னை அண்ணாச்சி என்பார். நானும் அவரை அண்ணாச்சி என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறந்த ஆண்டைக் கேட்டால், "ஏதோ ஒரு மழைக்காலம்" என்பார். தெருவில் எதிரே பார்த்து "எங்க போயிட்டு வாரீய?" என்றால் "இங்கனதான்" என்பார். திருச்செந்தூர் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வரும்போதும் அதே "இங்கனதான்". பஸ்ஸை விட்டு இறங்கியதும் டிக்கெட்டை நான்காகக் கிழித்து, இரண்டு துண்டை ஒரு பக்கமும் இரண்டு துண்டை மறுபக்கமும் போடுவார். எங்கள் தெருவில் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

திரேஸ்புரத்துக்குச் சாலை பிரியும் முனையில் அவருடைய கடை இருந்தது. கார்களுக்கு ஸ்டீரியோ, பின்பக்கக் கேமரா, ஜி.பி.எஸ். மாட்டித் தருவார். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் சவூதியில் ஒரு வீட்டுக்கு டிரைவராக இருந்தவர். கடை இருந்த இடத்தில் இப்போது பழச்சாறு விற்கிறார்கள். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றே நினைத்திருப்பார்.

நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்தேழு ஆண்டுகளாக நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் அறிமுகம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. ஒரு பங்குனி மாதம் நானும் மனைவியும் ஸ்ரீவைகுண்டத்தையும் அதைச் சுற்றியுள்ள கோயில்களையும் காரில் பார்த்துவிட்டு வந்தோம். கண்ணாடியில் ஒட்டும் சின்ன ஜி.பி.எஸ். ஒன்று என்னிடம் இருந்தது. எங்கே நின்றோம், எத்தனை மணிக்கு நின்றோம் என்பதெல்லாம் அதில் பதிந்திருந்தது. நிதானமாக உட்கார்ந்து நோட்டில் பெயர்த்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் அதன் குரல் கரகரத்தது. சரி செய்யக் கொடுத்தேன். குரல் சரியாகித் திரும்பி வந்தது. பட்டியல் காலி.

"நாப்பத்தோரு இடம் இருந்துச்சே அண்ணாச்சி!"

"இருந்துச்சு. அதான் தொடச்சேன்."

"யாரு தொடைக்கச் சொன்னா?"

"வேற ஒருத்தன் கையில குடுத்திருந்தா, நீங்க எங்க போனீய, எத்தன நிமிசம் நின்னீயன்னு அவன் பாத்திருப்பாம்லா?"

"கோயிலுக்குப் போனத எவன் பாத்தா எனக்கென்னவே?"

"இன்னைக்குக் கோயில்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைய குறிப்பில் 'இந்த மனிதருக்கு ஏதோ கிறுக்கு' என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகிறவர்கள் அவரிடம் யோசனை கேட்க வருவதுண்டு. வந்தவர்களை எளிதில் விடமாட்டார். எங்கள் ஊர்க் கண் மருத்துவர் ஒருவர், ஐரோப்பாவில் இருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பினார். வாடகைக் கார் எடுத்து நாலு நாடு சுற்றுவது அவர்கள் திட்டம்.

"வாடகை வண்டியிலயே ஜி.பி.எஸ். இருக்குமாம். தனியா ஒண்ணத் தூக்கிட்டுப் போகணுமா?" என்றார் மருத்துவர்.

"வண்டியோட வாரதுதான் சார் நல்லா வழி காட்டும். தெரை பெருசு. குகைக்குள்ள சிக்னல் இல்லாமப் போனாலும் சக்கரம் சுத்துறத எண்ணிக்கிட்டு வழி சொல்லும். நம்ம கொண்டு போறது குகைக்குள்ள முழிக்கும். வெயில்ல ரப்பர் எளகி மடியில விழும். சில ஊர்ல கண்ணாடி நடுவுல ஒட்டுனா போலீஸ்காரன் வண்டிய நிறுத்துவான்."

"அப்ப இது வேண்டாங்கீரு?"

"வேணும். வண்டியில உள்ளது நீங்க எறங்குன பொறவும் அங்கனயே இருக்கும். மக வீட்டு விலாசம் அதுக்குள்ள கெடக்கும். ஒங்களுக்கு முன்னால ஓட்டுனவங்க வீடும் கெடக்கும், போய்ப் பாருங்க. இது அப்படி இல்ல. எறங்கும்போது சட்டப் பையில போட்டுட்டு வந்துரலாம்."

"போன்லயே வழி பாக்கலாமே?" என்றார் மருத்துவரின் மனைவி.

"போனு நீங்க இருக்க எடத்த ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கும் அம்மா. இது வானத்த மட்டும் கேட்டுக்கிடும். பதிலுக்கு யாருக்கும் ஒண்ணும் சொல்லாது."

மருத்துவர் வாங்காமலே போனார். திரும்பி வந்ததும் அவரே கடைக்கு வந்து சொன்னார். வாடகைக் காரின் பட்டியலில் யாரோ போன இடங்கள் இருந்தனவாம். ஒரு வீடு. பிறகு ஒரு ஆஸ்பத்திரி, அதுவே எட்டுத் தடவை. கடைசியாக ஒரு கல்லறைத் தோட்டம். "வழி முழுக்க இவ அதப் பத்தியே பேசிட்டு வந்தா" என்றார்.

அண்ணாச்சி கேட்டது ஒன்றுதான். "ஒங்களோடதயாவது தொடச்சீயளா?"

இதே விரலால் அவர் உதை வாங்கப் பார்த்த சம்பவமும் உண்டு. கடலடியில் பாறை உயர்ந்து மீன் கூடும் மேடுகளை இங்கே பார் என்பார்கள். முத்துச்சிப்பி கிடந்ததும் அவற்றில்தான். பார் இருக்கும் இடங்களைப் படகுக்காரர்கள் இப்போது கையடக்க ஜி.பி.எஸ்.ஸில் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார்கள். திரேஸ்புரத்துப் படகுக்காரர் ஒருவர், பொத்தான் அமுங்கவில்லை என்று தன் கருவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தபோது பொத்தான் அமுங்கியது. புள்ளி ஒன்றுகூட இல்லை.

"எங்கப்பன் காட்டுன பாரெல்லாம் அதுலதான கெடந்துச்சு! ஏலே, பாவி!" என்று கடை முன்னால் கத்தினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சட்டைக் காலர் படகுக்காரர் கையில் இருந்தது. அவர் விடுவித்துக்கொள்ள முயலவே இல்லை.

"கை தானாப் போயிருச்சு" என்றார்.

"கை தானாப் போவுமால? அப்ப அத வெட்டி அடுப்புல போடு!"

பிறகு நடந்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. அவர் கடையைப் பூட்டிவிட்டு அந்தப் படகில் ஒன்பது நாள் கடலுக்குப் போனார். கோயில் கோபுரமும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ஒரே நேராக வரும் இடம், கலங்கரை விளக்கம் இன்னதற்குப் பக்கத்தில் தெரியும் இடம் என்று படகுக்காரர் தன் அப்பா சொன்ன அடையாளங்களைப் பிடித்துப் படகை நிறுத்துவார். இவர் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்துக்கொண்டு புள்ளி வைப்பார். நூற்றுப் பதினேழில் எண்பத்தாறு திரும்பக் கிடைத்தன. மற்றவை போனது போனதுதான். அந்த எண்களை அவர் சொல்லித்தான் எழுதினேன். அதற்கு முன் அவர் தானாக ஒரு கணக்கும் சொன்னதில்லை.

கை தானாகப் போவதன் காரணத்தை ஐப்பசி மழையில் மின்சாரம் போன ஒரு மத்தியானம் சொன்னார். ஒருமுறைதான் சொன்னார். சவூதியில் அவர் ஓட்டியது முதலாளி வீட்டுப் பெரிய வண்டி. கபீல் என்பார்கள் அங்கே. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் முதலாளி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் வேலை செய்த இடத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் இவர் இருபத்தைந்து நிமிடம் அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஏன் தாமதம்னு கேட்டான். ரோட்டுல நெரிசல்னேன். அவன் மவன் வண்டிக்குள்ள ஏறி ஒரு பொத்தான அமுக்குனான். நின்ன எடம், நின்ன நேரம், எல்லாம் வரிசையா வந்துட்டு. வண்டி பொய் சொல்லாதுன்னான். ஆறு நாள். ஏ.சி. மெசினோட பின்பக்கம் இருக்கும்லா, அந்த அனல் அடிக்குத ரூம்பு. ஆறு நாளும் அதுக்குள்ள போட்டுப் பூட்டியிருந்தான். நான் வெளிய வந்தப்ப அந்த மனுசன் செத்து, பொட்டியும் ஊருக்குப் போயிட்டு."

எழுந்து போய், சாரல் அடித்த கதவைப் பாதி சாத்தினார்.

"வண்டியோட உள்ளது வண்டிக்காரனுக்குத்தான் சாட்சி சொல்லும் அண்ணாச்சி. நமக்குச் சொல்லாது."

அவருக்கு ஒரு தங்கை. வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். தங்கையின் கணவர் உப்பளங்களிலிருந்து லாரி ஓட்டியவர். நாற்பது தாண்டியவர், வாய் நிறையப் பேசுபவர். அவருக்கும் சவூதியில் வீட்டு டிரைவர் வேலை வந்தது. ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை புறப்பட்டார். அதற்கு முந்தின நாள் கடையில் நானும் இருந்தேன்.

"இத எதுக்கு மச்சான் எங்கிட்ட திணிக்கீரு?" என்று சிரித்தார் தங்கை கணவர், கையில் கொடுத்த சின்ன ஜி.பி.எஸ்.ஸைப் புரட்டிப் பார்த்து. "உப்பு லாரியில கல்கத்தா வரைக்கும் போனவன் நான். அங்க வண்டியிலயே டி.வி. மாதிரி ஒண்ணு இருக்காம்லா."

"இருக்கும் மாப்ள. அதத் தொடாத. வழி பாக்க இத வச்சிக்க. எறங்குனா பையில போட்டுக்க. சாயந்தரம் வண்டிய நிறுத்துனதும் மூணு தட்டு. எங்க, தட்டிக் காட்டு."

அவர் தட்டிக் காட்டினார். "இன்னொருக்க" என்றார் இவர். பத்துத் தடவையாவது தட்ட வைத்திருப்பார்.

அடுத்த ஆனியில் கடிதம் வந்தது. கணவர் இறந்துவிட்டார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முதலாளி எழுதிக் கொடுத்திருந்த வாசகம் இதுதான்: வண்டியை எடுத்துக்கொண்டு வேலையைவிட்டு ஓடிப்போனவர், பாலைவனத்தில் சாலையை விட்டு விலகி வண்டி மணலில் சிக்கியது, இறங்கி நடந்தவர் வெயிலில் விழுந்து இறந்தார். இடத்தின் பெயர் கடிதத்தில் இல்லை. கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. வண்டியில் இருந்த ஜி.பி.எஸ்.ஸைப் பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு மட்டும் ஒரு வரி வந்தது. வண்டியை விற்றுவிட்டார்களாம்.

தங்கை இதை நம்பவில்லை. இறப்பதற்கு முந்தின நாள் போனில் கணவர் சொன்னதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். 'நாளைக்கு மொதலாளி தோட்டத்துக்கு ஆட்டுத் தீவனம் கொண்டு போணும்.' தோட்டம் அந்த ஊருக்குத் தெற்கே இருந்தது. ஓடிப்போகிறவர்கள் போகும் பெருநகரம் வடக்கே. தன் கணவர் வேலையாகப் போய்ச் செத்தாரா, ஓடிப்போய்ச் செத்தாரா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். தெருக்குழாயடியில் ஒருத்தி "திருட்டு வண்டியாமே" என்று கேட்டிருந்தாள்.

ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு, அங்கிருந்து விடுமுறையில் வந்த கயத்தாற்றுக்காரர் ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். பச்சை நைலான் கயிறு கட்டிய பெட்டி. நான்கு சட்டை, ஒரு கைலி, திருநீற்றுப் பொட்டலம், அந்த ஜி.பி.எஸ். செத்துக் கிடந்தவரின் சட்டைப் பையிலிருந்து எடுத்ததாம். வந்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. போய்விட்டார்.

கடையில் நாங்கள் மூன்று பேர். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் அண்ணாச்சி பக்கத்தில், மேசைக்கு உள்புறம் நின்றேன். கருவியில் உயிர் இல்லை. அண்ணாச்சி மின்சார ஒயரைச் செருகி வைத்தார்.

"ஆசைப்படாதளா" என்றார் தங்கையிடம். "மாப்ள தெனமும் தொடைக்கிறவரு."

"சாயந்தரம் ஆனாதானண்ணே தொடைப்பாரு?" என்றார் தங்கை. "அன்னைக்கு அவருக்குச் சாயந்தரமே ஆகலியே."

அவர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அந்த யோசனை அவருக்கு அதுவரை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் வரவில்லை. கருவியில் வெளிச்சம் வந்தது. கையில் எடுத்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தபடியே, "ஆமாளா, நீ சொல்லுதது சரிதான். அன்னைக்குப் போன வழி இதுல…" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறத் திரையில் நீலமாக ஒரு கோடு எழுந்தது. கட்டைவிரல் மூன்று முறை தட்டியது. கோடு இல்லை.

பேச்சு பாதியில் நின்றது. கீழே பார்த்தார். சட்டை நுனி ஏற்கெனவே மற்றக் கையில் இருந்தது, துடைப்பதற்காக.

"என்னண்ணே?"

"ஒண்ணும் இல்லளா" என்றார். "காலி."

தங்கை பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கருவியை எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவர் மேசையில் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளம்பும்போது, "எழுதுவீயளா?" என்று கேட்டார்.

"எழுதுவேன்."

தலையசைத்தார்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் என் வாசல் ஏறியதில்லை. "இன்னைக்குக் காலம்பற மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பத்து மணிக்கு பேங்குக்கு. மத்தியானம் வீடு. நாலு மணிக்குக் கடக்கரை, முக்கா மணி நேரம் சும்மா நின்னேன். எழுதிக்கிடுங்க" என்றார். எழுதினேன். அடுத்த நாளும் வந்தார். நாற்பத்துமூன்று நாள் வந்தார். யாரோ உத்தரவு போட்டதுபோல நின்றுகொண்டே சொல்வார். காப்பி கொடுத்தால் குடிக்கமாட்டார். கடையில் வேலை எடுப்பதைக் குறைத்துக்கொண்டார் என்பது அந்தக் குறிப்புகளில் தெரிகிறது. அந்தக் கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். காயமா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நாற்பத்துநான்காம் நாள் தங்கையையும் அழைத்து வந்தார்.

"பொட்டி வந்த அன்னைக்கு எழுதினீயள்லா, அத வாசிங்க" என்றார். "எனக்குச் சொல்ல வாய் வரல அண்ணாச்சி. நீங்க எழுதுனத அவளுக்கு வாசிங்க."

நோட்டை எடுத்து வாசித்தேன். கிழமை, மணி, பச்சை நைலான் கயிறு, சட்டைகளின் எண்ணிக்கை. பிறகு, நீலக் கோடு. பிறகு, விரல், மூன்று தட்டு. அவர் சொன்ன "ஒண்ணும் இல்லளா". நான் பேசாமல் இருந்தது. வாசித்து முடித்தேன்.

தங்கை அழவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்து, "கோடு எந்தப் பக்கம் போச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நோட்டை மறுபடி பார்த்தேன். கயிற்றின் நிறம் எழுதியிருந்தேன். கோடு மேலே வடக்காகப் போனதா, கீழே தெற்காகப் போனதா என்று எழுதவில்லை. எழுத மறந்ததல்ல அது. அந்த அரை மூச்சு நேரத்தில் நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கலம்மா."

"நீயண்ணே?"

"தொடைக்கும்போது நான் தெரையப் பாக்குறதே இல்லளா" என்றார். 

வெளியே மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தங்கை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் நோட்டின் பக்கம் விரலை நீட்டினார்.

"அவரு தெக்கதான் போனாரு. தோட்டத்துக்கு, தீவனம் எடுத்துக்கிட்டு. எழுதிக்கிடுங்க."

அதுவரை கண்ணால் பார்க்காத ஒன்றை நான் அந்த நோட்டில் நடந்ததாக எழுதியதில்லை. பிறர் சொன்னதை 'என்றார்' என்று முடித்துத்தான் எழுதுவேன். பேனாவைத் திறந்தேன். அன்றைய நாளைப் போட்டு, தங்கை சொன்னபடியே, 'என்றார்' போடாமல் எழுதினேன்.

நோட்டை மூடப் போனேன். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். துணி சுற்றிய விரலைத் தாளில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மை காயும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.